ஒரே சாவியா, ஊருக்கொரு சாவியா?

"சென்ட்ரலைஸ்டு சிஸ்டத்துக்கும் டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டத்துக்கும் உள்ள வேறுபாடுகளை விளக்குக." 13 மார்க். கம்ப்யூட்டர் சயின்ஸோ ஐ.டி.யோ படிக்கிற யாரும் இந்தக் கேள்வியிடம் இருந்து தப்பியிருக்க மாட்டீங்க. பேப்பர் நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. இந்தப் பக்கம் ஆறு பாயின்ட், அந்தப் பக்கம் ஆறு பாயின்ட். சென்ட்ரலைஸ்டு என்றால் ஒன்று விழுந்தால் எல்லாம் விழும். டிஸ்ட்ரிபியூட்டட் என்றால் ஒன்று விழுந்தாலும் மற்றது ஓடும். கடைசியில் "இரண்டும் கலந்த ஹைப்ரிட் முறையே சிறந்தது" என்று ஒரு வரி போட்டுவிட்டால் பத்து மார்க்குக்குக் குறையாது.

எக்ஸாமுக்கு அது போதும். ஆனா நம்மில் பாதிப் பேர் அடுத்த வருஷமோ அதற்கு அடுத்த வருஷமோ ஏதாவது ஒரு கம்பெனியின் சப்போர்ட் டீமிலோ, இன்ஃப்ரா டீமிலோ போய் உட்காரப் போகிறோம். அங்கே இந்தக் கேள்வி வேறு முகத்தோடு வரும். நம்ம பாடப்புத்தகம் கேட்பது "அப்ளிகேஷன் எங்கே ஓடுகிறது?" என்று. அங்கே கேட்பது "இந்த மெஷின்களை எல்லாம் யார் பார்த்துக்கொள்கிறார்கள், எங்கிருந்து?" என்று. இரண்டும் ஒன்றல்ல. ஒரு கம்பெனிக்கு முப்பது ஊரில் சர்வர் இருக்கலாம். அது எல்லாவற்றையும் ஒரே ஒரு கன்சோலில் இருந்து ஒரே ஒரு டீம் நடத்தலாம். அப்ளிகேஷன் டிஸ்ட்ரிபியூட்டட், நிர்வாகம் சென்ட்ரலைஸ்டு. இந்தக் கட்டுரை முழுக்க அந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றித்தான்: எந்த மெஷின் எங்கே இருக்கிறது என்கிற கணக்கு, பேட்ச் போடுவது, லாகின் கொடுப்பது, மானிட்டரிங், பேக்கப். பார்க்க அழகில்லாத வேலைகள். ஹேக்கத்தானில் இதற்குப் பரிசு கிடைக்காது. ஆனா இது சரியில்லை என்றால் பரிசு வாங்கிய எதுவும் ஓடாது.

முதலில் "டிஸ்ட்ரிபியூட்டட்தான் மாடர்ன்" என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு கதை. கதை இல்லை, நடந்தது.

2017 மே 12, வெள்ளிக்கிழமை. வான்னாக்ரை என்கிற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவ அமைப்பான என்.எச்.எஸ். அதில் மாட்டிக்கொண்டது. என்.எச்.எஸ். என்றதும் ஒரே பெரிய நிறுவனம் என்று நினைப்போம். நிர்வாகத்தில் அது அப்படி இல்லை. மருத்துவமனைகள் "டிரஸ்ட்" என்ற பெயரில் தனித்தனி அமைப்புகள். ஒவ்வொரு டிரஸ்ட்டுக்கும் தன் ஐ.டி. டீம், தன் பட்ஜெட், தன் முடிவு. அன்றைக்கு இங்கிலாந்தில் 236 டிரஸ்ட்கள். அதில் குறைந்தது 80 டிரஸ்ட்கள் பாதிக்கப்பட்டன. அறுவை சிகிச்சை உட்பட 6,900-க்கும் மேற்பட்ட அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தானதாகக் கண்டறியப்பட்டது.

இதில் நெஞ்சைக் குடைகிற விஷயம் என்ன தெரியுமா? அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு மாதம் முன்னாடி. மார்ச்சிலும் ஏப்ரலிலும் "பேட்ச் போடுங்கள்" என்று டிரஸ்ட்களுக்கு எச்சரிக்கையும் போயிருக்கிறது. போட்டார்களா? அங்கேதான் சிக்கல். யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று தெரிந்துகொள்ள மேலே இருந்த சுகாதாரத் துறையிடம் எந்த வழியும் இல்லை. பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் அந்த அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். அதே அறிக்கையில் இன்னொரு தகவல்: தாக்குதலுக்கு முன்பே 88 டிரஸ்ட்களுக்கு நேரில் போய் சைபர் பாதுகாப்புச் சோதனை செய்திருக்கிறார்கள். ஒன்றுகூடத் தேறவில்லை. சோதனை செய்தவர்களுக்கு "சரிசெய்" என்று கட்டளையிடும் அதிகாரமும் இல்லை.

இதுதான் டிஸ்ட்ரிபியூட்டட் நிர்வாகத்தின் உண்மையான பலவீனம். நம்ம நோட்ஸில் "மெயின்டெனன்ஸ் கடினம்" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவது இதைத்தான். கடினம் என்பது சரியான சொல்லே இல்லை. யாருக்கும் முழுப் படம் தெரியாது என்பதுதான் விஷயம். 236 பேரும் நல்லவர்களாக, திறமைசாலிகளாக இருந்தாலும், "மொத்தத்தில் எத்தனை மெஷின் இன்னும் திறந்து கிடக்கிறது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் இல்லை. தாக்குதல் நடந்த அன்று மெயில் வேலை செய்யாததால் பல இடங்களில் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டார்களாம். நம்ம கிளாஸ் குரூப் மாதிரி.

"அப்போ முடிஞ்சுது, எல்லாத்தையும் மையத்துக்குக் கொண்டுபோயிடலாம்" என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்க.

2024 ஜூலை 19. இதுவும் ஒரு வெள்ளிக்கிழமைதான் (வெள்ளிக்கிழமைகளுக்கும் ஐ.டி.க்கும் ஏதோ ஜாதகப் பொருத்தம் இல்லை). நம்ம நேரப்படி காலை 9:39-க்கு கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சின்ன அப்டேட் ஃபைலை அனுப்பியது. 78 நிமிஷத்தில் தவறு புரிந்து திரும்ப எடுத்துக்கொண்டது. அந்த 78 நிமிஷத்துக்குள் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில் நின்றன என்பது மைக்ரோசாஃப்ட் சொன்ன மதிப்பீடு. விமானங்கள், மருத்துவமனைகள், வங்கிகள். இந்தியாவில் விமானப் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அந்தப் போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீங்க.

இங்கே கவனிக்க வேண்டியது "தவறு நடந்தது" என்பதை அல்ல. தவறு எங்கும் நடக்கும். தவறு பயணித்த வேகத்தைப் பாருங்க. மையத்தில் இருந்து ஒரே நொடியில் எல்லா மெஷினுக்கும் நல்லதை அனுப்ப முடிகிற அதே குழாய், கெட்டதையும் ஒரே நொடியில் அனுப்பும். குழாய்க்கு நல்லது கெட்டது தெரியாது. திருப்பி எடுப்பதற்கோ அந்தக் குழாய் உதவவில்லை. மெஷின் பூட் ஆகவே இல்லையே, பிறகு எங்கே நெட்வொர்க், எங்கே ஏஜென்ட்? பெரும்பாலான இடங்களில் ஒவ்வொரு மெஷின் முன்னாலும் ஒரு ஆள் போய் நின்று, சேஃப் மோடில் ஏற்றி, அந்த ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால் அதற்கு ரெக்கவரி கீ வேறு. போனது மையத்தில் இருந்து. சரிசெய்தது ஊர் ஊராக, மேசை மேசையாக. கிளையில் ஆளே வேண்டாம், எல்லாம் ரிமோட்டில் பார்த்துக்கலாம் என்று முடிவெடுத்த கம்பெனிகளுக்கு அன்றைக்குத்தான் கிளையில் ஆள் எதற்கு என்று புரிந்திருக்கும்.

இன்னொரு நுணுக்கம். பல வாடிக்கையாளர்கள் ஜாக்கிரதையாகத்தான் இருந்தார்கள். மென்பொருளின் புது வெர்ஷனை உடனே ஏற்காமல் ஒரு வெர்ஷன் பின்தங்கியே வைத்துக்கொள்ளும் செட்டிங் அதில் இருந்தது. ஆனா அந்த செட்டிங் மென்பொருள் வெர்ஷனுக்கு மட்டும்தான். இந்த மாதிரி உள்ளடக்க ஃபைல்களுக்குப் பொருந்தாது. பிரேக் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறார்கள். இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் உள்ளடக்க ஃபைல்களையும் படிப்படியாக அனுப்பவும், எப்போது ஏற்பது என்று வாடிக்கையாளரே முடிவுசெய்யவும் வழி செய்வதாக அந்த நிறுவனம் அறிவித்தது.

இது தற்செயலான தவறு. வேண்டுமென்றே செய்தால்? 2020 டிசம்பரில் வெளிவந்த சோலார்விண்ட்ஸ் விவகாரம் அதுதான். ஒரியன் என்பது நெட்வொர்க்கை மையத்தில் இருந்து கண்காணிக்கும் மென்பொருள். அதன் அப்டேட்டுக்குள்ளேயே கள்ளக் கோடைச் சொருகிவிட்டார்கள். ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்களிடம் அது போய்ச் சேர்ந்தது. அவ்வளவு பேரையும் அதன் பிறகு நோண்டவில்லை, தேர்ந்தெடுத்த சிலரைத்தான் நோண்டினார்கள். ஆனா கதவு 18,000 இடத்தில் திறந்திருந்தது. 2021 ஜூலையில் கசேயா என்னும் ரிமோட் மேனேஜ்மென்ட் மென்பொருள் வழியாக ரான்சம்வேர் பரவியபோது, நேரடியாகத் தாக்கப்பட்டது 60-க்கும் குறைவான வாடிக்கையாளர்கள். அவர்கள் பராமரித்துக்கொண்டிருந்த மற்ற கம்பெனிகளையும் சேர்த்தால் எண்ணிக்கை 800-இல் இருந்து 1,500 வரை போனது. ஸ்வீடனில் கூப் சூப்பர் மார்க்கெட்டின் சுமார் 800 கடைகள் பில் போடும் இயந்திரம் ஓடாமல் மூடிக் கிடந்தன. அந்தக் கடைக்காரர்கள் கசேயா என்ற பெயரையே அதற்கு முன் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. திருடன் 800 வீட்டுப் பூட்டை உடைக்கத் தேவையில்லை. 800 சாவியும் தொங்குகிற ஒரு ஆணியைத் தெரிந்தால் போதும்.

சரி, மையமும் ஆபத்து, பரவலும் ஆபத்து. இந்த இடத்தில் நம்ம 13 மார்க் ஆள் எழுந்து "அதனால்தான் ஹைப்ரிட்" என்பார். எனக்கு இந்தச் சொல்லின் மேல் கொஞ்சம் கோபம் உண்டு. ஹைப்ரிட் என்பது பதிலே இல்லை. எதை மையத்தில், எதைக் கிளையில் என்று சொல்லாதவரை அது கேள்வியைத் திரும்பச் சொல்வதுதான். சாம்பாரா ரசமா என்று கேட்டால் "சாப்பாடு" என்று சொல்வது மாதிரி.

அதோடு, ஹைப்ரிட் என்று நினைத்துக்கொண்டிருக்கும் அமைப்பு உண்மையில் ஹைப்ரிட்தானா என்பதே சந்தேகம். இதற்கு மேர்ஸ்க் கம்பெனி நல்ல உதாரணம். எனக்கு இந்த மொத்த விஷயத்திலும் ரொம்பப் பிடித்த, ரொம்பப் பயமுறுத்துகிற உதாரணமும் இதுதான்.

மேர்ஸ்க், டென்மார்க்கைச் சேர்ந்த கப்பல் நிறுவனம். நம்ம துறைமுகங்கள் பக்கம் போனால் நீலப் பின்னணியில் வெள்ளை நட்சத்திரம் போட்ட கன்டெய்னர்களைப் பார்க்கலாம். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்கிற மால்வேர் அவர்கள் நெட்வொர்க்கில் புகுந்தது. புகுந்த வாசல் உக்ரைனில் பலர் கணக்கு எழுதப் பயன்படுத்திய மீடாக் என்ற மென்பொருள். அங்கிருந்து உலகம் முழுக்க.

மேர்ஸ்க்கின் லாகின் முழுக்க ஆக்டிவ் டைரக்டரியில் இருந்தது. யார் எந்த மெஷினுக்குள் நுழையலாம், யாருக்கு என்ன அனுமதி என்ற மொத்தக் குடும்ப அட்டையும் அதில்தான். இதை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் சுமார் 150, உலகமெங்கும் பரவி இருந்தன. ஒன்றில் மாற்றினால் மற்ற எல்லாவற்றுக்கும் தானாகப் போய்ச் சேரும். நம்ம பாடத்தில் வரும் ரெப்ளிகேஷன்தான். காகிதத்தில் பார்த்தால் இதைவிட டிஸ்ட்ரிபியூட்டட் எதுவும் இருக்க முடியாது. 149 போனாலும் ஒன்று இருக்கும், அதிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கட்டிவிடலாம் என்பது கணக்கு. எல்லாம் ஒரே நேரத்தில் அழியும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. ஏனென்றால் எல்லாம் ஒரே மாதிரி மெஷின், ஒரே மாதிரி ஓட்டை, ஒரே நெட்வொர்க்கில் எப்போதும் இணைந்தபடி.

எல்லாம் அழிந்தது. ஒன்றைத் தவிர. ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த டொமைன் கன்ட்ரோலர். அதை எது காப்பாற்றியது? ஃபயர்வாலா, ஆர்க்கிடெக்சரா? பவர் கட். தாக்குதல் நடந்த நேரத்தில் அங்கே கரண்ட் போய், அந்த மெஷின் நெட்வொர்க்கில் இல்லாமல் இருந்தது. அவ்வளவுதான். நம்ம ஊரில் கரண்ட் போனால் ஈ.பி. ஆபீஸை என்னவெல்லாம் சொல்வோம்! பிறகு அந்த டேட்டாவை இங்கிலாந்துக்குக் கொண்டுவர இணைய வேகம் போதவில்லை. அதனால் கானாவில் இருந்து ஒருவர் ஹார்டு டிரைவை நைஜீரியா வரை கொண்டுவந்து, அங்கே விமான நிலையத்தில் இன்னொருவர் கையில் கொடுத்து, அவர் லண்டனுக்குப் பறந்தார். கானா அலுவலகத்தில் யாரிடமும் பிரிட்டிஷ் விசா இல்லையாம். அதன்பின் பத்து நாளில் 4,000 சர்வர், 45,000 பி.சி., 2,500 அப்ளிகேஷன்களை மறுபடி இன்ஸ்டால் செய்ததாக மேர்ஸ்க்கின் தலைவர் அடுத்த ஆண்டு டாவோஸில் சொன்னார். நஷ்டம் 25 கோடியில் இருந்து 30 கோடி டாலர் வரை.

இப்போ சொல்லுங்க, அது சென்ட்ரலைஸ்டா, டிஸ்ட்ரிபியூட்டடா? மெஷின்கள் பரவி இருந்தன. விதி ஒன்றாக இருந்தது. நகல் எத்தனை என்பது ஒரு கணக்கு. அந்த நகல்கள் ஒன்றாகச் சாகுமா, தனித்தனியாகச் சாகுமா என்பது வேறு கணக்கு. நம்ம டயகிராமில் நாலு பெட்டி போட்டு அம்புக்குறி இழுத்துவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டட் ஆகிவிடாது.

சரி, என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கணக்கெடுப்பும் கொள்கையும் மையத்தில் இருக்கணும். செய்வதும் நிறுத்துவதும் கிளையில் இருக்கணும். இது ஏன் என்று துண்டு துண்டாகப் பார்ப்போம்.

கணக்கெடுப்பில் விவாதமே இல்லை. எத்தனை மெஷின், எந்த ஊரில், எந்த வெர்ஷன், கடைசியாக எப்போது பேட்ச் போட்டது. இது ஒரே இடத்தில் இல்லாததால் என்ன ஆகும் என்பதற்கு என்.எச்.எஸ். போதும். எங்க லேபிலேயே பாருங்க, அறுபது சிஸ்டம் இருக்கிறது. எதில் எந்த சாஃப்ட்வேர் இருக்கிறது என்று லேப் அசிஸ்டென்ட் அண்ணாவின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. அவர் லீவு என்றால் "அந்த ஓரத்து சிஸ்டத்துல மேட்லேப் ஓடும்னு நினைக்கிறேன்" என்பதுதான் நம்ம இன்வென்டரி. அறுபதுக்குச் சமாளிக்கலாம். ஆறாயிரத்துக்கு முடியாது.

பேட்ச் விஷயத்தில் முடிவு மையத்தில், ஃபைல் கிளையில். இது வெறும் கொள்கை இல்லை, எளிய கணக்கு. ஒரு கிளையில் 40 மெஷின், 10 எம்.பி.பி.எஸ். லைன், 500 எம்.பி. பேட்ச் என்று வைத்துக்கொள்வோம். 500 எம்.பி. என்பது 4,000 மெகாபிட். லைன் முழுக்க உங்களுக்கே என்றாலும் ஒரு மெஷினுக்கு 400 நொடி. நாற்பதும் மையத்தில் இருந்து தனித்தனியாக இறக்கினால் 16,000 நொடி, கிட்டத்தட்ட நாலரை மணி நேரம். அந்த நேரம் முழுக்க கிளையில் வேறு எந்த வேலையும் ஓடாது. ஒரே ஒரு நகலைக் கிளைக்கு இறக்கி, அங்கிருந்து உள்ளூர் நெட்வொர்க்கில் பிரித்துக்கொடுத்தால் லைனில் வெறும் 400 நொடி. ஏழு நிமிஷம்கூட ஆகாது. அதனால்தான் பெரிய எண்ட்பாயின்ட் மேனேஜ்மென்ட் மென்பொருள்கள் எல்லாவற்றிலும் இந்தக் கிளைச் சர்வர் ஏற்பாடு ஏதோ ஒரு பெயரில் இருக்கும். மைக்ரோசாஃப்ட் அதை டிஸ்ட்ரிபியூஷன் பாயின்ட் என்கிறது. நம்ம சென்னையில் இருந்து வரும் ஸோகோவின் மேனேஜ்எஞ்சினில் டிஸ்ட்ரிபியூஷன் சர்வர்.

அந்தக் கிளைச் சர்வரைப் பலரும் வெறும் பேண்ட்வித் சேமிப்பாகப் பார்க்கிறார்கள். நான் அதை ஒரு பிரேக்காகப் பார்க்கச் சொல்கிறேன். இன்று இரண்டு கிளைக்கு, நாளை பத்துக்கு, நாளை மறுநாள் எல்லாவற்றுக்கும் என்று அனுப்பினால், கிரவுட்ஸ்ட்ரைக் மாதிரி ஒரு ஃபைல் வந்தாலும் அது முதல் இரண்டு கிளையோடு நின்றுவிடும். "அதுவரைக்கும் மற்ற கிளையெல்லாம் ஓட்டையோடு இருக்குமே?" என்று கேட்பீர்கள். நியாயம். வான்னாக்ரை மாதிரி ஒன்று வாசலில் நிற்கும்போது மூன்று நாள் காத்திருக்க முடியாது. ஆனா வான்னாக்ரைக்கும் பேட்ச்சுக்கும் நடுவே 59 நாள் இருந்தது என்பதை மறக்காதீங்க. அங்கே தோற்றது வேகம் குறைந்ததால் இல்லை, யாரும் சரிபார்க்காததால். மூன்று நாள் நிதானத்துக்கு எப்போதும் இடம் இருக்கிறது. இரண்டு மாத மெத்தனத்துக்குத்தான் இல்லை.

மானிட்டரிங் சுலபம். சேகரிப்பது கிளையில், பார்ப்பது மையத்தில். ஸாபிக்ஸில் இருக்கும் பிராக்ஸி இதைத்தான் செய்கிறது. மைய சர்வரோடு தொடர்பு அறுந்தால் டேட்டாவைத் தன்னிடமே சேர்த்துவைத்து, தொடர்பு வந்ததும் அனுப்பும். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

லாகின்தான் கஷ்டமான இடம். ஒரு ஆள் வேலையை விட்டுப் போனால் அன்றைக்கே அவர் அக்கவுன்ட் எல்லா இடத்திலும் மூடப்பட வேண்டும். அதற்கு மையம் தவிர வேறு வழியில்லை. ஆனா அந்த மையமே விழுந்தால் அதைச் சரிசெய்யப் போகிறவர்களே உள்ளே நுழைய முடியாது. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி ஃபேஸ்புக்குக்கு நடந்தது இந்த வகைதான். வழக்கமான பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கமாண்டு, டேட்டா சென்டர்களை இணைக்கும் மொத்த முதுகெலும்பு நெட்வொர்க்கையும் துண்டித்துவிட்டது. தவறான கமாண்டைத் தடுத்திருக்க வேண்டிய சோதனைக் கருவியில் ஒரு பக் இருந்ததால் அதுவும் தடுக்கவில்லை. முதுகெலும்பைக் காணோம் என்றதும் அவர்களுடைய டி.என்.எஸ். சர்வர்கள் "நாம் ஆரோக்கியமாக இல்லை" என்று தாங்களே முடிவுசெய்து இணையத்தில் இருந்து தங்கள் முகவரியை விலக்கிக்கொண்டன. ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எல்லாம் ஏறத்தாழ ஆறு மணி நேரம் காணாமல் போயின. சரிசெய்யும் உள் கருவிகளும் அதே டி.என்.எஸ்.ஸை நம்பித்தான் இருந்தன. கடைசியில் இன்ஜினியர்களை நேரில் டேட்டா சென்டருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அங்கே உள்ளே நுழையவும் நேரமானது, ஏனென்றால் யாரும் சுலபமாக உள்ளே வந்து கை வைக்கக் கூடாது என்றுதான் அந்த இடத்தையே கட்டியிருந்தார்கள். கிணற்றுக்குள் விழுந்த ஏணியை எடுக்க ஏணி தேவைப்பட்ட கதை.

அதனால் லாகின் மையத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு கிளையிலும் மையத்தைச் சாராத ஒரே ஒரு அவசர அக்கவுன்ட், உறையில் போட்டு சீல் வைத்து, எடுத்தால் எடுத்தது தெரிகிற மாதிரி இருக்கட்டும். மையத்துக்குப் போக மெயின் நெட்வொர்க்கைத் தொடாத தனிப் பாதை ஒன்று, ஒரு சாதாரண 4ஜி மோடமாக இருந்தாலும் சரி, இருக்கட்டும். லாகின் டேட்டாவின் ஒரு நகல் எப்போதும் நெட்வொர்க்கில் இல்லாமல் இருக்கட்டும். கானாவில் பவர் கட் செய்ததை நாம திட்டம் போட்டுச் செய்வது, அவ்வளவே.

"இதெல்லாம் பழைய கதை, இப்போ எல்லாம் கிளவுட்" என்று சீனியர் ஒருவர் சொன்னார். கிளவுடுக்குப் போனால் இந்தக் கேள்வி தீர்ந்துவிடாது. மையம் உங்கள் பில்டிங்கில் இருந்து வேறொருவர் பில்டிங்குக்குப் போகிறது, அவ்வளவுதான். அப்போது பிரேக் யார் கையில் என்பதை இன்னும் அழுத்திக் கேட்கணும்.

கடைசியாக மனிதர்களைப் பற்றி. எனக்கு இதுதான் முக்கியம், ஏன் என்றால் அந்த மனிதர்கள் நாமதான்.

டிஸ்ட்ரிபியூட்டட் நிர்வாகம் என்றால் டிஸ்ட்ரிபியூட்டட் ஆட்கள். நாற்பது கிளைக்கு நாற்பது நல்ல அட்மின் வேண்டும். எந்த நடுத்தரக் கம்பெனி தரும்? நடப்பது என்ன என்றால், கிளையில் "கம்ப்யூட்டர் தெரிஞ்ச" அக்கவுன்டென்ட் ஒருவர் தலையில் அட்மின் வேலையும் விழும். பாஸ்வேர்டு மானிட்டருக்குக் கீழே ஒட்டியிருக்கும். இதனால்தான் புதிதாக ஆரம்பிக்கிற, ஆள் குறைவான கம்பெனிகள் மையத்தில் இருந்தே தொடங்கட்டும் என்பேன். பரவலாக்குவதற்கு முதலில் பரவலாக்கத் திறமை கையில் இருக்கணும்.

மறுபக்கம், மையப்படுத்தினால் என்ன ஆகிறது? மையத்தில் ஒரு பெரிய ஹால், சுவர் முழுக்கத் திரை, ஷிஃப்ட்டில் உட்காரும் எல்1 சப்போர்ட். நம்ம சீனியர்கள் நிறையப் பேர் இந்த வேலையில்தான் சேர்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு கிளையில் ஐந்து மெஷின் வரிசையாக விழுவதை முதலில் பார்ப்பது 22 வயதுப் பையனோ பெண்ணோதான். அவர்கள் செய்ய முடிவது டிக்கெட் போடுவது, எல்2-வை எழுப்புவது, எல்2 மேனேஜரைக் கேட்பது. அந்த நேரத்தில் ஆறாவது மெஷின், அறுபதாவது மெஷின். பார்க்கும் கண் ஒரு இடத்தில், நிறுத்தும் கை வேறு இடத்தில். கிரவுட்ஸ்ட்ரைக் சம்பவத்தில் ஒரு கம்பெனிக்குக் கிடைத்தது 78 நிமிஷத்துக்குள் ஏதோ சில நிமிஷங்கள்தான். மூன்று அப்ரூவல் வாங்க அது போதாது.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். ஓடுகிற ரோல்அவுட்டை நிறுத்தும் அதிகாரத்தை எல்1-க்கும் கிளை ஆளுக்கும் கொடுங்கள். தொடங்கும் அதிகாரம் மேலே இருக்கட்டும், மூன்று கையெழுத்தும் இருக்கட்டும். நிறுத்த ஒரு பட்டன் போதும். தவறாக நிறுத்தினால் பேட்ச் ஒரு நாள் தள்ளிப்போகும். நிறுத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்று மேலே நிறையப் பார்த்துவிட்டோம். ரயிலில் செயினை இழுக்க ஸ்டேஷன் மாஸ்டரிடம் அனுமதி கேட்கிறோமா? காரணமில்லாமல் இழுத்தால் அபராதம், ஆனா செயின் ஒவ்வொரு பெட்டியிலும் தொங்குகிறது.

பிளேஸ்மென்ட் இன்டர்வியூவில் "எங்களிடம் ஏதாவது கேட்கணுமா?" என்று கடைசியில் கேட்பார்கள். இன்ஃப்ரா வேலையாக இருந்தால், "ஷிஃப்ட்டில் இருப்பவர் ஒரு ரோல்அவுட்டைத் தானாக நிறுத்தலாமா?" என்று கேட்டுப் பாருங்க.

இந்த வருஷம் மானிட்டரிங், ஆட்டோமேஷன் என்று ஃபைனல் இயர் புராஜெக்ட் எடுத்திருக்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரிவ்யூவுக்கு முந்தின நாள் மைய சர்வரின் நெட்வொர்க் கேபிளை ஒரு மணி நேரம் பிடுங்கி வையுங்கள். ஏஜென்ட் என்ன செய்தது, எவ்வளவு டேட்டா தொலைந்தது, கேபிளைத் திரும்பச் செருகியதும் எல்லாம் ஒரேயடியாக வந்து மோதியதா என்று குறித்து வைத்து நம்ம மேகஸின் மெயிலுக்கு அனுப்புங்க. வருவதை அடுத்த இதழில் போடுகிறோம்.